ஒரே பெட்டியில் பூட்டி வைக்காதிருப்போம்
கணனிகளுக்கிடையே சமமானோர் பகிர்வு பற்றிய ஒரு பாடம்

சில வருடங்களுக்கு முன் ஓர் ஐப்பசி மாலை. இடியுடன் மழை பெய்துகொண்டிருந்த வேளையில் எமது அலுவலகத்தின் மின்னிணைப்பு வழியாக மின்னல் பாய்ந்தது. எவருக்கும் தீங்கு நேரவில்லை. ஆனால் கணக்குகள் யாவற்றையும் வைத்திருந்த ஒரேயொரு கணனி எரிந்து போயிற்று. பெண்கள் சேமிப்புக் குழுக்களின் பேரேடும் அதனுடன் போய்விட்டது.

உறுப்பினர்களின் கைகளில் இருந்த பாஸ் புத்தகங்களைச் சேகரித்து, பேரேட்டைத் திரும்ப எழுதி முடிக்க எமக்கு மூன்று மாதங்கள் சென்றன. கள உத்தியோகத்தர் ஒருவர் தமது மடிக்கணனியில் தற்செயலாக முந்திய வருடத்துப் பிரதியொன்றை வைத்திருந்தார். அதுவே பெரிய உதவியாயிற்று. வெள்ளத்தில் பாஸ் புத்தகத்தைப் பறிகொடுத்த இரு வயோதிபத் தாய்மாரின் அவ்வருடத்துச் சேமிப்புக்கு மட்டும் அவர்களுடைய வாய்ச்சொல்லைத் தவிர வேறு சான்று இருக்கவில்லை. அவர்கள் சொன்ன தொகையையே நாம் எழுதினோம். ஆயினும் அவர்களுள் ஒருவர் பல தடவை வந்து, "என்ர கணக்கைச் சரியா எழுதியிருக்கிறியளோ, தம்பி?" என்று கேட்டார். அக்கேள்வி எம்மை விட்டு அகலவில்லை. மின்னல் இயற்கை. பிரதி வைக்காதது எமது கவனக்குறைவு.

அதன் பின்னரே ஒரு கோப்பைப் பல கைகளில் ஒழுங்காக வைத்திருப்பது எப்படி என்று நாம் கற்கத் தொடங்கினோம். அக்கற்றலில் எமக்கு அறிமுகமானது ஆங்கிலத்தில் 'பியர் ரு பியர்' எனப்படும் முறை. இக்கட்டுரையில் அதனைச் 'சமமானோர் பகிர்வு' என்று அழைப்போம். பாட்டும் படமும் திருடுவதற்கான வழி என்றே பலர் இதனை அறிந்திருக்கிறார்கள். முறையான தொழிலுக்கும் சங்கப் பணிக்கும் இது எவ்வாறு உதவும், எங்கே அவதானம் தேவை என்பதை இப்பாடத்தில் நோக்குவோம்.

ஒரு கிணறும் பல கிணறுகளும்

ஊர் முழுவதற்கும் ஒரேயொரு கிணறு இருந்தால் என்ன நடக்கும்? காலையில் வரிசை நீளும். கயிறு அறுந்தால் எல்லோருக்கும் தண்ணீர் இல்லை. கணனி உலகில் இவ்வாறான கிணற்றைச் சேவையகம் என்பர். ஒரு மையக் கணனி கோப்பை வைத்திருக்கும். மற்றையவை அதனிடம் கேட்டுப் பெறும். கேட்போர் கூடக் கூட மையத்தின் சுமையும் கூடும்.

சமமானோர் பகிர்வில், கோப்பைப் பெறும் கணனி தான் பெற்றதை அடுத்த கணனிக்குக் கொடுக்கவும் செய்கிறது. கேட்பவரே கொடுப்பவராகவும் ஆகிறார். எனவே கேட்போர் கூடும்போது கொடுப்போரும் கூடுகின்றனர்.

இதனை ஒரு கணக்கால் விளங்கிக்கொள்வோம். ஒரு பயிற்சி வீடியோ 600 மெகாபைற் அளவுடையது என்க. தலைமை அலுவலகத்திலிருந்து 20 கிளைகளுக்கு அதை அனுப்ப வேண்டும். தலைமை அலுவலக இணைப்பின் அனுப்பும் வேகம் செக்கனுக்கு 4 மெகாபிற். ஒரு பைற் என்பது 8 பிற் ஆகையால் 600 மெகாபைற் என்பது 4,800 மெகாபிற். அதை ஒரு தடவை அனுப்ப 1,200 செக்கன், அதாவது 20 நிமிடம் வேண்டும். இருபது கிளைகளுக்கும் தலைமை அலுவலகமே அனுப்புவதாயின் 400 நிமிடம். ஆறு மணித்தியாலமும் நாற்பது நிமிடமும் ஆகும்.

இப்போது கோப்பைச் சிறு துண்டுகளாக்கி, வெவ்வேறு துண்டை வெவ்வேறு கிளைக்குக் கொடுப்போம். கிளைகள் தமக்குள் துண்டுகளை மாற்றிக்கொள்ளட்டும். கிளைகளின் இணைப்பும் அதே வேகமுடையதாயின், தலைமை அலுவலகம் முழுக்கோப்பையும் ஏறக்குறைய ஒரு தடவை அனுப்பினாற் போதும். கணக்கின்படி 20 நிமிடத்துக்குச் சற்றுக் கூடிய நேரத்தில் வேலை முடியும். நடைமுறையில் இணைப்புகள் தளம்பும். கணனிகள் இடையில் நிற்கும். ஆகையால் இதைவிடக் கூடிய நேரம் செல்லும். ஆயினும் ஆறரை மணித்தியாலத்துடன் ஒப்பிடுகையில் வேறுபாடு பெரிது.

துண்டுகள் எவ்வாறு ஒன்றுசேர்கின்றன?

இம்முறைகளுள் மிகவும் பரந்தது பிற்ரொறன்ற். இதனை அமெரிக்கரான பிராம் கோகன் 2001 இல் வெளியிட்டார். அது இயங்கும் விதத்தை நான்கு படிகளில் கூறலாம்.

முதலாவது: கோப்பு பல துண்டுகளாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு துண்டுக்கும், அதன் உள்ளடக்கத்திலிருந்து கணிக்கப்பட்ட ஓர் அடையாள இலக்கம் உண்டு. இது கைவிரல் அடையாளம் போன்றது. துண்டில் ஓர் எழுத்து மாறினாலும் இலக்கம் மாறிவிடும். இவ்விலக்கங்கள் ஒரு சிறு குறிப்புக் கோப்பில் எழுதப்படுகின்றன.

இரண்டாவது: கோப்பு வேண்டியவர் அக்குறிப்புக் கோப்பைப் பெற்று, யாரிடம் எந்தத் துண்டுகள் உள்ளன என்பதை அறிகிறார். முழுக்கோப்பையும் வைத்திருந்து பிறருக்குக் கொடுப்பவரை ஆங்கிலத்தில் 'விதைப்பவர்' என்றே அழைக்கின்றனர்.

மூன்றாவது: மென்பொருள் பெரும்பாலும் அரிதான துண்டுகளை முதலில் கேட்டுப் பெறுகிறது. ஒருவரிடம் மாத்திரம் இருக்கும் துண்டு அவருடன் மறைந்து போகாதிருக்கவே இந்த ஏற்பாடு. அருகிவரும் நெல்லினத்தை முதலில் பெருக்கி வைப்பது போன்றது இது.

நான்காவது: தனக்குத் தருபவருக்கே ஒவ்வொரு கணனியும் கூடுதலாகத் திருப்பிக் கொடுக்கிறது. இன்று உமது வயலில் நான், நாளை எனது வயலில் நீர் என்ற பழைய ஒழுங்கே இங்கும் உள்ளது. புதிதாகச் சேர்பவர் வெறுங்கையுடன் நிற்காதிருக்க, இடைக்கிடை எவருக்காவது கைம்மாறு பாராமற் கொடுக்கும் ஏற்பாடும் உண்டு.

வந்து சேரும் ஒவ்வொரு துண்டும் அடையாள இலக்கத்துடன் ஒப்பிடப்படும். பொருந்தாதது எறியப்பட்டு வேறிடத்திலிருந்து மீண்டும் பெறப்படும். மின்சாரம் நின்றுபோனால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. கிடைக்காத துண்டுகளை மாத்திரம் பெற்றாற் போதும். இணைப்பு அடிக்கடி அறுந்துபோகும் இடங்களில் இது பெரும் நன்மையாகும்.

கெட்ட பெயர் வந்த வரலாறு

1999 இல் அமெரிக்காவில் நப்ஸ்ரர் என்ற மென்பொருள் வெளிவந்தது. பாட்டுக் கோப்புகள் ஆட்களின் கணனிகளிலேயே இருந்தன. யாரிடம் எது உள்ளது என்ற பட்டியல் மாத்திரம் நப்ஸ்ரரின் மையத்தில் இருந்தது. இசை நிறுவனங்கள் வழக்குத் தொடர்ந்தன. 2001 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் நப்ஸ்ரருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு யூலையில் அச்சேவை நின்றது.

பின்னர் குறொக்ஸ்ரர் என்ற நிறுவனத்துக்கெதிரான வழக்கு அமெரிக்க உயர் நீதிமன்றம் வரை சென்றது. 2005 யூனில் நீதியரசர்கள் அனைவரும் ஒருமித்துத் தீர்ப்பளித்தனர். ஒரு கருவியைப் பிறர் உரிமையை மீறுவதற்கென்றே ஊக்குவித்துப் பரப்புபவர், அதனால் நடக்கும் மீறல்களுக்குப் பொறுப்பாளி என்பது அதன் சாரம்.

யப்பானில் நடந்தது இதன் மறுபக்கம். இசாமு கனெக்கோ என்ற பல்கலைக்கழக ஆய்வாளர் 2002 இல் வின்னி என்ற பகிர்வு மென்பொருளை வெளியிட்டார். பலர் அதனால் படங்களைச் சட்டவிரோதமாகப் பரப்பினர். 2004 இல் கனெக்கோ கைது செய்யப்பட்டார். 2006 இல் கியோட்டோ மாவட்ட நீதிமன்றம் அவருக்கு 15 இலட்சம் யென் தண்டம் விதித்தது. 2009 இல் ஒசாக்கா மேல் நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவரென விடுவித்தது. 2011 டிசம்பரில் யப்பானிய உச்ச நீதிமன்றம் அவ்விடுதலையை உறுதிசெய்தது. அவர் மென்பொருளை வெளியிட்டபோது சட்டவிரோதமாகப் பயன்படுத்த வேண்டாமென எச்சரித்திருந்தார். ஏழு வருடங்களுக்கு மேல் வழக்கில் கழித்த அவர் 2013 இல் காலமானார்.

நாடுகளின் சட்டங்கள் வேறு வேறானவை. ஆயினும் இத்தீர்ப்புகளை ஒருங்கே பார்க்கும்போது எமக்கு ஒன்று தெளிவாகிறது. கத்தி குற்றவாளியல்ல, எந்த நோக்கத்துடன் கொடுக்கிறோம், எதை வெட்டுகிறோம் என்பதே கேள்வி.

முறையான பயன்பாடுகள்

இன்று இம்முறை பல நேர்மையான வேலைகளுக்குப் பயன்படுகிறது. சில எடுத்துக்காட்டுகளைப் பார்ப்போம்.

டெபியன், உபுண்டு முதலிய இலவச இயக்க மென்பொருள்களை அவற்றை ஆக்குவோரே பிற்ரொறன்ற் மூலமும் வழங்குகின்றனர். 'இன்ரநெற் ஆர்கைவ்' என்ற மின்னூலகம் 2012 ஓகஸ்ற்றில் தனது பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட நூல்கள், ஒலிப்பதிவுகள், படங்களை இம்முறையில் பெற வழிசெய்தது.

பெரிய வணிக நிறுவனங்களும் தமது உள்வேலைக்கு இதனைக் கையாண்டன. டுவிற்றர் நிறுவனம் (2023 முதல் அதன் பெயர் எக்ஸ்) தனது ஆயிரக்கணக்கான சேவையகங்களுக்குப் புதிய மென்பொருளை மையத்திலிருந்து அனுப்ப ஏறக்குறைய 40 நிமிடம் எடுத்தது. பிற்ரொறன்ற் முறைக்கு மாறியபின் அவ்வேலை 12 செக்கனில் முடிந்ததாக 2010 இல் அந்நிறுவனம் அறிவித்தது.

எமது அலுவலகங்களிலேயே இம்முறை அறியாமல் இயங்கிக்கொண்டிருக்கலாம். 2015 இல் வந்த விண்டோஸ் 10 முதல், ஒரே வலையமைப்பிலுள்ள கணனிகள் புதுப்பிப்புகளின் துண்டுகளைத் தமக்குள் பரிமாறிக்கொள்ளும் வசதி உண்டு. ஐந்து கணனிகள் உள்ள அலுவலகத்தில் ஒரே கோப்பை ஐந்து தடவை இணையத்திலிருந்து இறக்குவதை இது குறைக்கும். அமைப்புகளுள் புதுப்பிப்புப் பகுதிக்குச் சென்று, 'உள்ளூர் வலையமைப்பிலுள்ள கணனிகளுடன் மாத்திரம்' என்பதைத் தெரிவுசெய்தால், எமது பணத்தில் வெளியாருக்குத் துண்டுகள் போகா.

எமது மனதை மிகவும் கவர்ந்தது நூலகர்களின் ஏற்பாடு. அமெரிக்காவின் ஸ்ரான்போட் பல்கலைக்கழக நூலகம் 1999 இல் லொக்ஸ் என்ற திட்டத்தைத் தொடங்கியது. பல பிரதிகள் இருந்தால் பொருள் பாதுகாப்பாக இருக்கும் என்ற ஆங்கில வாக்கியத்தின் முதலெழுத்துகளே அப்பெயர். சஞ்சிகைகள் இணையத்துக்கு மாறியபோது, வெளியீட்டாளர் மூடிவிட்டால் பழைய இதழ்கள் என்னவாகும் என்ற கவலை எழுந்தது. ஆகவே வெளியீட்டாளரின் அனுமதியுடன் ஒவ்வொரு நூலகமும் தன்னிடம் ஒரு பிரதியை வைத்தது. நூலகங்களின் கணனிகள் காலத்துக்குக் காலம் தமது பிரதிகளை ஒப்பிட்டுப் பார்க்கும். ஒன்றில் பழுது காணப்பட்டால் மற்றையவற்றின் உதவியுடன் அது திருத்தப்படும். எங்களுடைய பேரேட்டுக்கு இல்லாமற் போனது இந்தக் காவல்தான்.

ஒரு சிறு சங்கம் எங்கே தொடங்கலாம்?

ஒரு பெரிய கோப்பைப் பலருக்கு ஒரு தடவை அனுப்ப வேண்டுமாயின் பிற்ரொறன்ற் பொருத்தமானது. ஆனால் நாளாந்தம் மாறும் கணக்குகளையும் கூட்டக் குறிப்புகளையும் குறிப்பிட்ட சிலருக்கிடையில் மாத்திரம் வைத்திருக்க வேறுவகை மென்பொருள் தேவை. அதற்கு எடுத்துக்காட்டு சின்க்திங். இது 2013 முதல் வெளிவரும் இலவச, திறந்த மூல மென்பொருள். பணம் கட்ட வேண்டியதில்லை. எந்த நிறுவனத்திலும் கணக்குத் திறக்க வேண்டியதுமில்லை. இதே வேலையைச் செய்யும் ரெசிலியோ போன்ற வணிக மென்பொருள்களும் உண்டு.

சின்க்திங்கை நிறுவியதும் ஒவ்வொரு கணனிக்கும் ஒரு நீண்ட அடையாளக் குறி கிடைக்கும். இரு கணனிகள் இணைய வேண்டுமாயின் இரு பக்கத்தாரும் மற்றவரின் குறியை ஏற்றுக்கொள்ள வேண்டும். அழையாத விருந்தாளி உள்ளே வர முடியாது. பின்னர் எந்தக் கோப்புறையைப் பகிர்வது என்பதைத் தெரிவுசெய்யலாம். கோப்புகள் மறைகுறியாக்கப்பட்டே செல்கின்றன. ஒரே வலையமைப்பிலுள்ள கணனிகள் இணைய இணைப்பின்றியே தமக்குள் பரிமாறிக்கொள்ளும்.

நாம் கடைப்பிடிக்கும் ஒழுங்கு இது. பேரேட்டை எழுதுபவர் ஒருவரே. அவரது கணனியில் அக்கோப்புறை 'அனுப்புவது மாத்திரம்' என்றும், தலைவரதும் பொருளாளரதும் கணனிகளில் 'பெறுவது மாத்திரம்' என்றும் அமைக்கப்பட்டுள்ளது. இருவர் ஒரே கோப்பை ஒரே நேரத்தில் திருத்தினால் சின்க்திங் இரு பிரதிகளையும் வைத்துவிடும். எது சரியென்று மனிதரே தீர்மானிக்க வேண்டும். எழுதுபவர் ஒருவரானால் இச்சிக்கல் எழாது.

இன்னொன்றையும் முற்கூட்டியே யோசிக்க வேண்டும். ஒரு கிளை காலையிலும் மற்றையது மாலையிலும் மாத்திரம் கணனியைத் திறந்தால், இரண்டும் சந்திக்கவே மாட்டா. எங்காவது ஒரு கணனி நெடுநேரம் இயங்க வேண்டும். பழைய கணனியொன்றை இதற்கென ஒதுக்கலாம்.

ஆறு எச்சரிக்கைகள்

1. கொடுக்க உரிமை உள்ளதையே கொடுங்கள். நாமே ஆக்கியவை, ஆக்கியவர் அனுமதித்தவை, காப்புரிமைக் காலம் முடிந்தவை ஆகியவற்றைப் பகிரலாம். எமது நாட்டின் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, பொதுவாக ஓர் ஆக்கத்தின் உரிமை ஆசிரியரின் வாழ்நாள் முழுவதும், அவர் இறந்தபின் 70 வருடங்களும் நீடிக்கும். நல்ல காரியத்துக்குத்தானே என்பது அனுமதியாகாது.

2. ஆட்களின் விபரங்களைப் பொதுப் பகிர்வில் வைக்க வேண்டாம். பொதுவான பிற்ரொறன்ற் பகிர்வில் எவரும் சேரலாம். எமது கணனியின் இணைய முகவரியும் மற்றையோருக்குத் தெரியும். யப்பானில் வின்னி இருந்த கணனிகளைக் கிருமி நிரல்கள் தொற்றியதால் பொலிஸ், பாதுகாப்புப் படை ஆவணங்கள்கூட வெளியே பரவின. 2006 மார்ச்சில் அரசாங்கமே மக்களிடம் வின்னியைப் பயன்படுத்த வேண்டாமெனக் கேட்டுக்கொண்டது. அமெரிக்காவில் 2010 பெப்ரவரியில் மத்திய வர்த்தக ஆணைக்குழு, ஏறக்குறைய 100 நிறுவனங்களிடமிருந்து தனிப்பட்ட விபரங்கள் பகிர்வு வலையமைப்புகளுக்குக் கசிந்திருப்பதாக அவற்றுக்கு அறிவித்தது. இலங்கைப் பாராளுமன்றமும் 2022 இல் தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்கும் சட்டமொன்றை (2022 இன் 9 ஆம் இலக்கம்) நிறைவேற்றியுள்ளது. கடன் பெற்றவரின் பெயர் அவருடைய மானமும் ஆகும்.

3. முழு வன்தட்டையும் பகிர வேண்டாம். பகிர்வுக்கென ஒரு கோப்புறையைத் திறந்து, அதனுள் வைத்ததை மாத்திரம் பகிருங்கள். யார் யாருக்கு எக்கோப்புறை என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். பதவி விலகியவரின் கணனியை அன்றே பட்டியலிலிருந்து நீக்குங்கள்.

4. பகிர்வு வேறு, காப்புப்பிரதி வேறு. இதைப் பலர் தவறாக விளங்கிக்கொள்கின்றனர். ஓரிடத்தில் தவறுதலாக அழித்த கோப்பு மற்றைய இடங்களிலும் அழிந்துவிடும். சின்க்திங்கில் பழைய பதிப்புகளைச் சேமிக்கும் வசதி உண்டு. அதை நாமே இயக்கிவிட வேண்டும். அத்துடன் மாதத்துக்கொரு தடவையாவது வெளி வன்தட்டொன்றில் பிரதியெடுத்து, அதைக் கழற்றி வேறொரு வீட்டில் வையுங்கள்.

5. செலவைப் பாருங்கள். கொடுப்பதற்கும் தரவு செலவாகும். கைத்தொலைபேசித் தரவுப் பொதியில் இயங்கும் கிளைகளில் அனுப்பும் வேகத்துக்கு எல்லை வையுங்கள். அல்லது வைஃபை உள்ள வேளையில் மாத்திரம் இயக்குங்கள்.

6. மென்பொருளை அதன் சொந்தத் தளத்திலிருந்தே இறக்குங்கள். வேறிடங்களில் கிடைக்கும் பிரதிகளுடன் தீய நிரல்கள் ஒட்டிக்கொண்டு வரலாம். அடையாள இலக்கம் துண்டு மாறவில்லை என்பதை மாத்திரமே உறுதிசெய்யும். முதலிலேயே நஞ்சு கலந்த கோப்பு நஞ்சுடனேயே முழுதாக வந்து சேரும்.

முடிவாக

சமமானோர் பகிர்வு பெரிய பணமின்றிப் பெரிய வேலையைச் செய்ய உதவுகிறது. அதற்கு ஒரு விலையும் உண்டு. மையக் கணனி இருக்கும் இடத்தில் பொறுப்பும் ஒருவரிடம் இருக்கும். பிரதி பலரிடம் இருக்கும்போது காப்பதும் மறைப்பதும் அவர்கள் எல்லோரது கடமையாகிறது. ஒழுங்கில்லாத சங்கத்துக்கு மென்பொருள் ஒழுங்கைத் தராது.

இன்று எமது சேமிப்புக் குழுக்களின் பேரேடு நான்கு இடங்களில் உள்ளது. மூன்று கணனிகளில் ஒன்று. மாதாந்தம் கழற்றி வைக்கப்படும் வன்தட்டில் இன்னொன்று. கடந்த ஆண்டுக் கூட்டத்தில் அந்தத் தாய் மறுபடியும் தம் கணக்கைக் கேட்டார். நாம் வாசித்துக் காட்டினோம். வெள்ளத்துக்கு முந்திய அந்தத் தொகைக்கு இன்றும் அவரது சொல்லே சான்று. அதற்குப் பின் அவர் கட்டிய ஒவ்வொரு ரூபாவுக்கும் சான்று நான்கு கைகளில் இருக்கிறது.

சிந்திப்பதற்கும் கலந்துரையாடுவதற்கும்

1. உங்கள் சங்கத்தின் எந்தப் பதிவுகள் ஒரேயொரு கணனியில் அல்லது ஒரேயொரு கொப்பியில் மாத்திரம் உள்ளன? நாளை அது அழிந்தால் யார் பாதிக்கப்படுவர்?

2. உங்கள் கோப்புகளை மூன்றாகப் பிரியுங்கள்: எவரும் பார்க்கலாம், உறுப்பினர் மாத்திரம் பார்க்கலாம், பொறுப்பாளர் மாத்திரம் பார்க்கலாம். எந்தக் கோப்பைப் பற்றிக் கருத்து வேறுபாடு எழுந்தது? ஏன்?

3. உங்களிடமுள்ள பயிற்சி வீடியோக்கள், கையேடுகள் யாருடைய ஆக்கம்? அவற்றைப் பிறருக்குக் கொடுக்க யாரிடம் அனுமதி பெற வேண்டும்?

4. அடுத்த கூட்டத்துக்கு முன் ஒரு சிறு கோப்புறையை இரு கணனிகளுக்கிடையில் பகிர்ந்து பாருங்கள். பின்னர் வேண்டுமென்றே ஒரு கோப்பை அழித்து, அதை மீட்க முடிகிறதா என்று சோதியுங்கள். மீட்க முடியாவிட்டால் நான்காவது எச்சரிக்கையை மறுபடி வாசியுங்கள்.